தலைப்பில்லாத கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அம்மா உங்கள் கட்டுரைகளை விடாமல் வாசிப்பார்கள், நானும் சிலவற்றை வாசித்திருக்கிறேன். கணக்கைப் பற்றி உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். ஒவ்வொரு பயிற்சியையும் இரண்டு முறை போடுகிறேன், கஷ்டமான பாடம் என்றால் மூன்று முறை. வீட்டில் எல்லாம் சரியாக வருகிறது. மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் பாதிக் கேள்விகள் இதுவரை பார்க்காதவை போல இருக்கின்றன. வெளியே வந்து பார்த்தால் எல்லாம் நான் போட்ட கணக்குகள்தான். என் தோழி பாதிக் கணக்குதான் போடுகிறாள், சீக்கிரமே தூங்கிவிடுகிறாள், என்னைவிட அதிகம் வாங்குகிறாள். அப்பாவோ, ‘போதும் என்று நினைத்தால் அங்கேயே நின்றுவிடுவாய்’ என்கிறார். இவ்வளவு படித்தால் போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? காலையில் படிப்பது நல்லதா, இரவிலா? ஃபார்முலாக்களை எழுதிச் சுவரில் ஒட்டலாமா? கணக்கு சிலருக்குப் பிறவியிலேயே வருமா?

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள மாணவிக்கு,

‘நீ’ என்றே எழுதுகிறேன், என் வயதுக்கு அந்த உரிமை உண்டு.

சில்லறைக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். காலையா இரவா? தூக்கம் கண்ணைச் சொக்காத நேரம் எதுவோ அது. சுவரில் தாராளமாக ஒட்டு, இரண்டு நாளில் அது சுவரோடு சுவராகி உன் கண்ணில் படாமல் போகும். பிறவி ஞானம் பற்றிப் பேச வேண்டிய உயரத்தில் பள்ளிக் கணக்கு இல்லை, அந்தப் பேச்சை விடு.

உன் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. ‘வெளியே வந்து பார்த்தால் எல்லாம் நான் போட்ட கணக்குகள்தான்.’ இதை நீ புலம்பலாக எழுதியிருக்கிறாய். நீ கேட்ட கேள்விக்கான பதிலே அதில்தான் இருக்கிறது.

சில நாட்களாக எனக்கும் இதே யோசனைதான். உறவுக்காரப் பையன் ஒருவன் வீட்டுப்பாடம் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கன அளவுப் பாடம். மளமளவென்று போட்டுத் தள்ளினான், எல்லாம் சரி. எனக்கு வியப்பு, அவன் கேள்வியை வாசிக்கவே இல்லை! கண் நேராக எண்களுக்குப் போகிறது. ஆரம் 7, உயரம் 10. இரண்டையும் பொறுக்கிச் சூத்திரத்தில் போடுகிறான், அடுத்த கணக்குக்கு நகர்கிறான். எதற்கு வாசிக்க வேண்டும்? பக்கத்தின் உச்சியில்தான் ‘கூம்பின் கன அளவு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே. அதே புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து அதே மாதிரி ஒரு கணக்கை நான் வாசித்துக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்து அவன் கேட்ட முதல் கேள்வி, “இது எந்தச் சாப்டர்?”

உன் பிரச்சினையும் இதேதான். ஒரு கணக்கில் இரண்டு வேலைகள் உண்டு. எந்த வழியில் போவது என்று முடிவெடுப்பது ஒன்று, அந்த வழியில் தப்பில்லாமல் நடந்து முடிப்பது இன்னொன்று. பாடப்புத்தகத்தின் தலைப்பு முதல் வேலையை உனக்காகச் செய்து கொடுத்துவிடுகிறது. மூன்று முறை போட்டாயே, மூன்று முறையும் நீ செய்தது இரண்டாவது வேலையை மட்டும். தேர்வுத்தாளில் தலைப்பு கிடையாது. அங்கே உட்கார்ந்து முதல் வேலையை வாழ்க்கையில் முதன்முறையாகச் செய்கிறாய், அதுவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. புதுக் கணக்காகத் தெரியாமல் என்ன செய்யும்? வண்டியில் பின்னால் உட்கார்ந்து நூறு முறை போன வழியை ஒரு நாள் தனியாகக் கண்டுபிடிக்கச் சொன்னால் இப்படித்தான் திகைப்போம்.

இதை என் அனுமானம் என்று நினைக்காதே. டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு, அவர்கள் கேள்விப்பட்டிராத நான்கு கனவடிவங்களின் கன அளவைக் காணக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு குழு வகைவகையாகப் போட்டது, ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது. இன்னொரு குழுவுக்கு நான்கையும் கலந்து கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். கலந்து போட்டவர்கள் 63. பயிற்சியில் 89 எடுத்த கூட்டம்? 20. அந்த 89-ஐத்தான் நீ ‘வீட்டில் எல்லாம் சரியாக வருகிறது’ என்று எழுதியிருக்கிறாய்.

அதே இருவர் அதற்கு முந்தைய வருடம் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். ஒரே உட்காரலில் ஒரே வகைக் கணக்கில் சிலருக்கு 3, சிலருக்கு 9. ஒரு வாரம், நான்கு வாரம் கழித்துச் சோதித்தால் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கூடுதலாகப் போட்ட ஆறு கணக்கும் வீண். இதை உன் அப்பாவிடம் கட்டாயம் காட்டு.

எனக்குக் கணக்கு எடுத்த ஆசிரியர் ஒருவர் இதையெல்லாம் எந்த ஆய்வும் வாசிக்காமல் தெரிந்து வைத்திருந்தார். பழைய வினாத்தாள்களைக் கத்தரித்து, கேள்வி எண்ணைக்கூடக் கிழித்துப் போட்டுவிட்டு, துண்டுச் சீட்டுகளாக ஒரு அட்டைப்பெட்டியில் வைத்திருப்பார். ஒருவர் எழுந்து ஒரு சீட்டை எடுக்க வேண்டும், வாசிக்க வேண்டும். “முதல் வரி மட்டும் சொல்லு.” சொன்னால், “சரி, ஏன் அது? வேற வழி ஏன் ஆகாது?” அதற்கும் பதில் வந்தால் சீட்டு பெட்டிக்குள் திரும்பப் போகும். கணக்கை முடிக்கவே விடமாட்டார். “மிச்சத்தை உன் கை போட்டுக்கும்” என்பார். அவரைப் பிடிக்காத மாணவர்கள் நிறைய. முதல் ரேங்க் பையனுக்குச் சுத்தமாகப் பிடிக்காது, பெட்டிக்கு முன்னால் அவன் எங்களில் ஒருவனாகிவிடுவான்.

ஒரு நாள் நான் எடுத்தது ஒரு இருபடிச் சமன்பாடு, x² + 6x + 7 = 0. காரணிப்படுத்தலாம் என்றேன். “எங்கே, பெருக்கினா 7, கூட்டினா 6 வர்ற ரெண்டு எண்ணைச் சொல்லு.” 7-ஐப் பிரித்தால் 1, 7. கூட்டினால் 8. வேறு முழு எண்கள் இல்லை. “அப்ப கதவு சாத்தியாச்சு. அடுத்த கதவு எது?” வர்க்கப்பூர்த்தி, அதாவது ஒரு பக்கத்தை முழு வர்க்கமாக்கித் தீர்க்கும் வழி, என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. காரணிப்படுத்துதல் பயிற்சியில் சாத்திய கதவு ஒன்றுகூட இருந்ததில்லை. அங்கே எல்லாம் அழகாக உடையும் எண்களாகவே பார்த்துப் பார்த்துக் கோத்திருப்பார்கள்.

இன்னொரு நாள் இரண்டு சீட்டுகளை ஒன்றாகக் கொடுத்தார். ஒன்றில், ஒருவர் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய், வந்த வழியே 60 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார், சராசரி வேகம் என்ன? மற்றதில், ஒருவர் 2 மணி நேரம் 40 கி.மீ. வேகத்திலும் அடுத்த 2 மணி நேரம் 60 கி.மீ. வேகத்திலும் போகிறார், சராசரி வேகம் என்ன? வகுப்பு மொத்தமும் இரண்டுக்கும் 50 என்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் பலகையில் 120 கி.மீ. தூரம் என்று எழுதினார். போக 3 மணி நேரம், வர 2 மணி நேரம், மொத்தம் 240 கி.மீ., 5 மணி நேரம். 48. மெதுவாகப் போனபோதுதான் அதிக நேரம் வண்டியில் இருந்திருக்கிறார், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டாவதில் நேரம் சமம், ஆகவே 50 சரி. ஒரே எண்கள், ஒரே கேள்வி, ஆனால் வேறு கணக்கு. எண்ணை மட்டும் பொறுக்குகிறவனுக்கு இந்த வித்தியாசம் ஜென்மத்துக்கும் தெரியாது.

எங்கேயோ போய்விட்டேன். நீ கேட்டது ‘எப்போது போதும்’ என்று. பாடம் முதலில் புரிய வேண்டும், அதற்குத் தலைப்போடு சில கணக்குகளைப் போடத்தான் வேண்டும், அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் கலக்கினால் குழம்பித்தான் போவாய். வகைக்கு மூன்று நான்கு தப்பில்லாமல் வந்ததும் நோட்டை மூடு. ஒரு வாரம் அந்தப் பக்கம் போகாதே. பிறகு எல்லாப் பாடங்களிலிருந்தும் கணக்குகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப்போட்டு எடு. முதல் வரியும் அதற்கான காரணமும் வந்தால், அந்த வகை உனக்கு இப்போதைக்குப் போதும். வராத வகையை மட்டும் எடுத்துப் படி, மறுபடியும் ஒரு வாரம். தேர்வு நெருங்கும்போது சிலவற்றை நேரம் வைத்து முழுக்க எழுதிப் பார், கூட்டல் பிழையெல்லாம் அங்கேதான் தெரியும். இவ்வளவுதான்.

மூன்றாம் முறை போடுவதை இன்றோடு நிறுத்து. கோபமாகவே சொல்கிறேன். விடை 48 என்று ஞாபகம் வைத்துக்கொண்டு 48-ஐ நோக்கி நடப்பதில் என்ன கணக்கு இருக்கிறது? முதல் முறை திணறினாய், இரண்டாம் முறை பழகியது, மூன்றாம் முறை சுகமாக இருக்கிறது. அந்தச் சுகத்துக்காகத்தான் போடுகிறாய், உழைக்கிறோம் என்று பேர் பண்ணிக்கொள்கிறாய். கலந்து போடும்போது தப்பு வரும், எரிச்சல் வரும், பாதியில் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார். விடைப் பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ‘ஓ, இதுவா, தெரியுமே’ என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் உனக்கும் இருக்கும், இல்லாமல் இருக்காது. பார்த்த பிறகு தெரிந்ததையெல்லாம் தெரியாத கணக்கில் சேர்.

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. நீ மேசையில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிகிறது, அதை வைத்து அளக்கிறார். நின்றுவிட்டால் மறந்துவிடும் என்ற அவர் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஹாரி பாரிக்கும் லிண்டா ஹாலும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு பள்ளி இயற்கணிதம் எத்தனை வருடம் நினைவில் நிற்கிறது என்பதைப் பற்றியது. அதன்பின் நுண்கணிதம் வரை போனவர்களுக்கு ஏறக்குறைய 50 வருடம் கழித்தும் அது பெரிதாகக் குறையவில்லை. பள்ளியில் அதே அளவு தேறி, மேலே கணக்கே படிக்காதவர்களுக்கு அநேகமாகக் கரைந்துபோயிருந்தது. வருடக்கணக்கில் இடைவெளி விட்டு விட்டுத் தொட்டதுதான் நின்றிருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு அதே பயிற்சியை மூன்றாம் முறை போடுவதற்கு அதில் ஆதரவு எதுவும் இல்லை என்று அவரிடம் பணிவாகச் சொல்.

உன் தோழியைப் பற்றிக் கேட்டிருந்தாய், மறந்தே போனேன். அவள் பாதிக் கணக்குதான் போடுகிறாள் என்கிறாய். எந்தப் பாதி என்று அவளிடம் கேட்டாயா? கேட்டுவிட்டு எனக்கும் எழுது. அப்படியே ஒரு பெட்டியும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு போ, சீட்டு எடுத்துக் கேள்வி கேட்க எதிரே ஓர் ஆள் வேண்டும்.

அன்புடன்.