கிருபாசனத்தண்டைக்கு எப்படிப் போவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோபத்தில் வீட்டில் வாய்க்கு வந்தபடி பேசிவிடுகிறேன். அப்புறம் இரண்டு மூன்று நாள் வேதத்தைத் தொடவே கூச்சமாக இருக்கிறது. மனம் தெளிந்தபின் ஜெபிப்பதுதானே முறை?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லை. காத்திருக்கும் அந்த நாட்களில் பாவம் கழுவப்படுவதில்லை. கோபம் ஆறுகிறது, நினைவு மங்குகிறது, அவ்வளவுதான். "இப்போது பரவாயில்லை" என்று ஜெபிக்க உட்காரும்போது உங்கள் தைரியம் உங்கள் நடத்தையின்மேல் நிற்கிறது. அடுத்த சண்டையில் அது சரிந்துவிடும். 'தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே', அதாவது தேவனுடைய கிருபையின் சிங்காசனத்தண்டையிலே, சேரச் சொல்லும் எபிரெயர் 4:16-க்கு முந்தின இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். தைரியத்துக்குக் காரணம் அங்கே பிரதான ஆசாரியராகிய இயேசு: நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர். அங்கே பெறச் சொல்வதும் இரக்கத்தை. குற்றமில்லாதவனுக்கு இரக்கம் எதற்கு?

அன்றைக்கே, தூங்குமுன் தனியாக உட்காருங்கள். "என் குறைகளை மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்லாமல், யாரிடம் என்ன வார்த்தை சொன்னீர்களோ அதையே அறிக்கையிடுங்கள். "அவர்தான் முதலில்..." என்று ஆரம்பித்தால் அது அறிக்கை அல்ல, வழக்கு. இனி கோபப்படவே மாட்டேன் என்று பொருத்தனை வேண்டாம். அது முறியும்போது வெட்கம் இரட்டிப்பாகும். 1 யோவான் 1:9-ஐ வாசித்து, மன்னிப்புக்கு நன்றி சொல்லி எழுந்திருங்கள். பிறகும் உள்ளம் குற்றப்படுத்தினால் அதே நிருபம் 3:20 இருக்கிறது: தேவன் நம் இருதயத்திலும் பெரியவர். புண்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்பது தனிக்கணக்கு (மத்தேயு 5:23, 24). அதை ஜெபத்தால் ஈடுகட்ட முடியாது.

கேள்வி: பிரதான ஆசாரியன் காலில் கயிறு கட்டி மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் அனுப்புவார்கள், மணிச்சத்தம் நின்றால் இழுத்துவிடுவார்கள் என்று பிரசங்கத்தில் கேட்டேன். எந்த வசனம்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எந்த வசனமும் இல்லை. மணிகள் உண்டு, யாத்திராகமம் 28-இல், ஏபோத் என்னும் ஆசாரிய மேலாடையின் கீழங்கி ஓரத்தில். ஆனால் பாவநிவாரண நாளில் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள், அதாவது திரைக்குப் பின்னாலுள்ள உள்ளறைக்குள், போக அவன் தரித்தது சணல்நூல் உடைதான் (லேவியராகமம் 16:4). மணியே இல்லாத உடையில் மணிச்சத்தம் நிற்பதெப்படி?

இந்தக் கதை இல்லாமலே அந்த அதிகாரம் நடுங்கவைக்கும். முதல் பிரதான ஆசாரியனான ஆரோனின் குமாரர் இருவர் செத்தபின் வந்த கட்டளை அது. வருஷத்துக்கு ஒரு நாள், ஏழாம் மாதம் 10-ஆம் தேதி. குளித்து உடுத்தி, முதலில் தன் பாவத்துக்காக ஒரு காளையைப் பலியிட வேண்டும். தூபகலசம் நிறைய தணலும், இரண்டு கைப்பிடி தூபவர்க்கமும். புகை கிருபாசனத்தை (இங்கே அது உடன்படிக்கைப் பெட்டியின் மூடி) மூடாவிட்டால் சாவு. அதன்பின் இரத்தத்தை விரலால் ஏழுதரம் தெளிக்க வேண்டும். ஜனத்துக்கான வெள்ளாட்டுக்கடாவின் முறை அதற்கப்புறம்தான்.

எபிரெயர் 10:19-22 இதையெல்லாம் மனதில் வைத்தே எல்லா விசுவாசிகளையும் திரை வழியாக உள்ளே அழைக்கிறது. இரத்தம், தெளித்தல், தண்ணீரால் கழுவுதல், எல்லாம் அங்கே திரும்ப வருகின்றன. காளை மட்டும் வரவில்லை. இந்த ஆசாரியருக்குத் தமக்கென்று பலி தேவைப்படவில்லை (7:26, 27).

கேள்வி: தைரியமாய் என்றால் கட்டளையிட்டே கேட்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது. 1 யோவான் 5:14-இன் தைரியம் 'அவருடைய சித்தத்தின்படி' கேட்பதில் இருக்கிறது. பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினார் (2 கொரிந்தியர் 12:7-9). முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது. சத்தமிட்டு அழுவதில் தவறில்லை, இயேசுவே அப்படி ஜெபித்தார் (எபிரெயர் 5:7). ஆனால் சத்தத்தை வைத்து விசுவாசத்தை அளக்கிறவர்கள் கர்மேல் மலையில் எலியாவின் நாளில் நடந்ததை நினைக்கட்டும் (1 இராஜாக்கள் 18). அங்கே உரத்த சத்தமாய்க் கூப்பிட்டவர்கள் பாகால் என்னும் அந்நிய தெய்வத்தின் தீர்க்கதரிசிகள்.

கேள்வி: பாஸ்டர் ஜெபித்தால்தான் கேட்கப்படும் என்கிறார் அம்மா.
– வாசகி, வேலூர்

பதில்: வியாதியில் மூப்பரை அழைக்கச் சொல்கிறது யாக்கோபு 5:14, அழையுங்கள். ஆனால் மத்தியஸ்தர் ஒருவரே (1 தீமோத்தேயு 2:5). விண்ணப்பச் சீட்டை எழுதிக் கொடுக்குமுன் அதே விண்ணப்பத்தை அம்மா தாமே வாய்விட்டு ஜெபிக்கட்டும். வார்த்தை வராவிட்டால் 13-ஆம் சங்கீதத்தை வாசிக்கலாம். மொத்தம் ஆறே வசனம். முதல் இரண்டும் சுத்தமான முறையீடு.