ஷெரூட் குடித்த பர்மாக்காரி

கேள்வி: ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங்கின் 'மாண்டலே' கவிதையில் 'ஷெரூட்' என்று வருகிறது. அகராதி, இது தமிழ்ச் சொல் என்கிறது. நம் சுருட்டா அது? சிகாரும் அதுவும் ஒன்றா?
- கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: நம்ம சுருட்டேதான் தம்பி. பாயைச் சுருட்டுகிறோம், சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். புகையிலையைச் சுருட்டினால் சுருட்டு. புகையிலை போர்ச்சுக்கீசியர் காலத்துச் சரக்கு, பெயர்தான் நாம் வைத்தது. 17ஆம் நூற்றாண்டிலேயே அது இங்கிலீஷுக்குள் போய்விட்டது. 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியும் தமிழ் மூலத்தைச் சொல்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், அவருக்குத் தெரியாமலா போகும்?

சிகார் வேறு. அதில் வாயில் வைக்கும் முனையை இலையால் மூடியிருப்பார்கள். வெட்டிவிட்டுத்தான் பற்றவைக்க முடியும். ஷெரூட்டுக்கு இரண்டு முனையும் திறந்தே இருக்கும், அந்தச் சோலியே இல்லை. என் அப்பத்தாவின் சுருக்குப்பையில் பாதி குடித்து அணைத்த சுருட்டு ஒன்று எப்போதும் கிடக்கும். வெற்றிலை, சில்லறை எல்லாவற்றிலும் அதே வாடை. களையெடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து மிச்சத்தைப் பற்றவைப்பார். ஊரில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அதனால்தானோ என்னவோ, 1890இல் வந்த அந்தக் கவிதையின் பர்மாப் பெண் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. லண்டன் தூறலில் நடக்கும் பழைய சிப்பாய் ஒருவன் அவளை நினைத்துப் பார்க்கிறான்: மஞ்சள் பாவாடை, பச்சைத் தொப்பி, வாயில் பெரிய வெள்ளை ஷெரூட். பர்மாவின் கடைசி ராணியின் பெயரையே அவளுக்கும் வைத்திருக்கிறார் கிப்ளிங். அடுத்த வரியில் அவள் புத்தர் சிலையின் காலில் முத்தமிடுகிறாள். அதைச் சிப்பாய் மண் பொம்மை என்று கிண்டல் செய்வது அவன் வாய்க்கொழுப்பு, அதை விடுங்கள். வரி முடியும் இடத்தைக் கவனியுங்கள்: 'ஷெரூட்' என்று ஒரு வரி, 'ஃபுட்' என்று அடுத்தது. 'சிகார்' என்று போட்டிருந்தால் இயைபும் போயிருக்கும், பர்மாவும் போயிருக்கும்.

கேள்வி: ஹோட்டல் மெனுவில் 'முல்லிகடானி சூப்' என்று போடுகிறார்களே?
- இல்லத்தரசி, திருமங்கலம்

பதில்: மிளகுத்தண்ணிதான் அம்மா. வெள்ளைக்காரர்கள் அதில் கறியைப் போட்டு, கெட்டியாக்கி, சூப் ஆக்கிவிட்டார்கள். சளி பிடித்தால் வீட்டு ரசத்தையே குடியுங்கள், காசும் மிச்சம்.