இரண்டடியில் தவறிய பந்து (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் அபர்டீனில் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு முதல் அலுவலக நண்பர்கள் மூவருடன் சனிக்கிழமைகளில் கோல்ஃப் ஆடுகிறேன். மூவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள், சின்ன வயதிலிருந்தே ஆடுபவர்கள். தூரத்து அடியில் நான் கோட்டைவிட்டால் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் குழிக்கு இரண்டடி முன்னால் நின்று பந்தை வெளியே உருட்டிவிட்டால் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லித்தருவதில்லை. கேலிதான். "அந்த மட்டையை ராத்திரி கார் டிக்கியிலேயே போட்டுப் பூட்டு, குளிரில் கிடந்தால் புத்தி வரும்" என்கிறார் ஒருவர். "புது மட்டை ஒன்று வாங்கி இதன் பக்கத்தில் வை, பயந்துபோய் வேலை செய்யும்" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், "பக்கத்துக் குழியைக் குறிவைத்து அடி, இதில் விழும்" என்கிறார். போன வாரம் என்னால் சிரிக்க முடியவில்லை. இன்னும் என்னை வெளியாளாகத்தான் பார்க்கிறார்களோ என்று தோன்றிவிட்டது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

ர.

அன்புள்ள ர.,

வெளியாளை யாரும் இப்படிக் கேலி செய்யமாட்டார்கள். "பரவாயில்லை, நல்ல முயற்சி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்த குழிக்கு நடந்துவிடுவார்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று கேலிகளையும் திரும்பப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டில் திட்டு வாங்குவது மட்டை. மூன்றாவதில் பழி குழியின் மேல். உங்கள் கையைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்போம். இங்கே கூடம் கோணல் என்று உங்களுக்காகச் சொல்பவர்கள் பக்கத்தில் நிற்கும் நண்பர்கள். எனக்கு இது பெரிய அன்பாகத் தெரிகிறது.

சரி, தூரத்து அடிக்குப் பாடம் எடுப்பவர்கள் இதற்கு ஏன் எடுப்பதில்லை? எடுக்கப் பாடம் இல்லை என்பதுதான் காரணம். குழியின் குறுக்களவு 4.25 அங்குலம், 1891இல் அந்த அளவு விதியானது. பந்து 1.68 அங்குலம். இரண்டு பந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் உள்ளே போக இடம் மிச்சமிருக்கும். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடுபவர்கள் மூன்றடித் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை போட்டுவிடுகிறார்கள். அவர்களே எட்டடிக்குப் போனால் பாதிக்குப் பாதிதான். ஆக, இரண்டடியில் ஒருவர் தவறவிடுவது தெரியாததால் அல்ல.

என்ன நடக்கிறது என்றால், மட்டை பந்தைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால், விழுகிறதா என்று பார்க்கும் ஆசையில் கண் குழிப் பக்கம் ஓடுகிறது. கண்ணோடு தலை, தலையோடு தோள். தோள் திறந்ததும் மட்டையின் முகமும், அதாவது பந்தில் படும் பக்கமும், இம்மி அளவு திறக்கிறது. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் அந்த முகம்தான் தீர்மானிக்கிறது. வலதுகைக்காரர் என்றால் பந்து வலது விளிம்பில் ஏறி, அரைவட்டம் சுற்றி, வெளியே வந்து நிற்கும். வேகம் கூடுதலாக இருந்தால் குழி இன்னும் சிறியதாகிவிடும். விளிம்பில் பட்டாலும் பந்து உள்ளே இறங்காது.

இதையெல்லாம் அந்த நிமிடத்தில் உங்களிடம் யாராவது விளக்கியிருந்தால், அடுத்த குழியில் கண், தலை, தோள், முகம் நான்கையும் சுமந்துகொண்டுதான் குனிந்திருப்பீர்கள். நிச்சயம் அதுவும் போயிருக்கும். உங்கள் நண்பர்களுக்கு இது சிறுவயதிலிருந்தே தெரியும். அதனால்தான் சிரிக்கவைக்கப் பார்க்கிறார்கள்.

உங்கள் ஊரிலிருந்து காரில் தெற்கே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் கோல்ஃபின் தாயகம் எனப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்கே 'ஓல்ட் கோர்ஸ்' என்கிற பழைய மைதானத்தில் பொதுவாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, யார் வேண்டுமானாலும் காலாற நடக்கலாம். பதினெட்டாவது குழியருகே கொஞ்சம் நில்லுங்கள். 1970இல் பிரிட்டனின் ஓப்பன் போட்டியின் கடைசி நாளில் அமெரிக்க ஆட்டக்காரர் டக் சாண்டர்ஸ் அங்கேதான் நின்றார். மூன்றடிக்கும் குறைவான தூரம். போட்டால் கோப்பை. அடிக்க நின்றவர், பாதையில் ஏதோ துரும்பு கிடப்பதாக நினைத்து, காலை நகர்த்தாமலேயே குனிந்து கையை நீட்டினார். மறுபடி ஆசுவாசப்படுத்திக்கொள்ளாமல் அப்படியே அடித்தார். பந்து வலப்பக்கம் போய்விட்டது. போட்டி சமனாகி, மறுநாள் நடந்த தீர்வு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை கூடுதலாக அடித்ததால் இன்னொரு அமெரிக்கரான ஜாக் நிக்லாஸிடம் தோற்றார். 2020இல் இறக்கும்வரை கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றைக்கூட அவர் வெல்லவில்லை. அந்த அடியை இன்னும் நினைக்கிறீர்களா என்று கேட்டால், இப்போதெல்லாம் சில சமயம் ஐந்து நிமிடம்கூட அது நினைவுக்கு வராமல் இருக்கிறது என்பார். அந்த வேடிக்கைப் பேச்சு இல்லாமல் அவர் அத்தனை வருடங்களைத் தள்ளியிருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நிக்லாஸ் அதற்கு முந்தைய வருடம் செய்ததையும் சொல்லவேண்டும். 1969, இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல் மைதானத்தில் ரைடர் கோப்பை, அப்போது அமெரிக்க அணியும் பிரிட்டிஷ் அணியும் மோதிய போட்டி. கடைசி ஆட்டம், கடைசிக் குழி. எதிரணியின் டோனி ஜாக்லினுக்கு இரண்டு மூன்று அடி பாக்கி. அது தவறினால் அமெரிக்க அணிக்கு வெற்றி. நிக்லாஸ் ஜாக்லின் தன் பந்து இருந்த இடத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த காசைத் தானே எடுத்துக் கொடுத்து, அடிக்க வேண்டாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டார். 16-16 என்று சமனில் முடிந்தது. அந்தத் தூரம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று தெரிந்தவர் செய்த காரியம் அது. நான் கோல்ஃபை நேசிப்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

அமெரிக்க அணித்தலைவர் சாம் ஸ்னீடுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு அது வருத்தமான விஷயம், ஏனென்றால் குட்டித் தூரத்தின் கொடுமையை ஸ்னீடைப் போல அனுபவித்தவர்கள் குறைவு. வயதானபின் அவர் கை கடைசிக் கணத்தில் வெட்டி இழுக்கும். கால்களுக்கு நடுவே மட்டையை ஆட்டி அடித்துப் பார்த்தார். பந்து போகும் கோட்டின் இருபுறமும் காலை வைத்து அடிப்பதை 1968இல் விதி தடுத்தது. அப்புறம் குழியைப் பார்த்தபடி நின்று, பக்கவாட்டில் உருட்டப் பழகிக்கொண்டார்.

கை இப்படி வெட்டி இழுப்பதை 'யிப்ஸ்' என்பார்கள். சிலருக்கு அது பதற்றம். சிலருக்கு, நிறைய எழுதுபவர்களின் விரல் பேனாவைப் பிடித்ததும் இழுத்துக்கொள்கிறதே, அதைப் போன்ற நரம்புக் கோளாறு. அப்படி ஒருவர் கை தானாகத் துள்ளுவதைப் பார்த்தால் கேலியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஒருவேளை இருந்தால், நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மற்றபடி, போன வாரம் மனம் சுருங்கியதையும் சொல்லலாம், தப்பில்லை. அவர்கள் புரிந்துகொள்கிற ஆட்களாகத்தான் தெரிகிறார்கள்.

ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன், மைதானத்தில் அல்ல, வீட்டில் செய்ய. கம்பளத்தில் ஒரு டம்ளரைப் படுக்கவைத்து, இரண்டடியில் இருந்து உருட்டுங்கள். பந்து டம்ளரில் இடிக்கும் சத்தம் காதில் விழும்வரை, பந்து இருந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். தினம் பத்து நிமிடம் போதும். ஒரு மாதம் செய்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அந்த மூன்று பேரும் அடுத்து என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்