பிரசவ வாரத்தில் படப்பிடிப்பு வைக்கலாமா?

கேள்வி: நான் கடலூர் முதுநகரைச் சேர்ந்தவன். சென்னை தரமணியில் திரைப்பட இயக்கம் படிக்கிறேன், இது இறுதியாண்டு. என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்து, புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள். நவம்பர் கடைசி வாரத்தில் பிரசவம் என்கிறார் மருத்துவர். கொந்தளிக்கும் கடல் தேவைப்படுவதால், அதே வாரத்தில்தான் கடலூர்த் துறைமுகத்தில் என் படத்தை எடுக்கத் திட்டமிட்டிருக்கிறேன். பரிசோதனைகளுக்கு அவள் அம்மா அழைத்துச் செல்கிறார். சென்ற முறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கைபேசியில் பதிவுசெய்து அனுப்பச் சொன்னேன். அதை இறுதிக் காட்சியில் சேர்க்கப்போகிறேன். படிப்புக்கும் குடும்பத்துக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: தம்பி, நீங்கள் நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் போன்ற பலர் இதையே கேட்டு எழுதியிருக்கிறார்கள். வேலை மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆனால், போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த இதயத் துடிப்பைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

அந்த ஒலியைப் பதிவுசெய்தவர் யார்? பரிசோதனைப் படுக்கையில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மீது கருவி நகர்ந்துகொண்டிருக்க, மருத்துவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டிய நேரத்தில், கணவரின் படத்துக்கு ஒலி தெளிவாகக் கிடைக்க வேண்டுமே என்று கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தவர் உங்கள் மனைவி. கருவில் உள்ள குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை வரை துடிப்பது இயல்பு. அது சீராக இருக்கிறதா என்று அறியவே அதைக் கேட்கிறார்கள். அன்று எத்தனை என்று சொன்னார்கள்? அவருடைய இரத்த அழுத்தம் என்ன? ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அதற்காக உங்களைக் கண்டிக்கவும் செய்கிறேன். அந்த ஒலியைப் படத்தில் சேர்க்கலாமா என்று அவரிடமும் நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. தாயின் பக்கத்தில் அவளுக்குக் கிடைக்கும் ஓய்வும் உணவும் மற்ற இடத்தில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அந்த வழக்கம் கணவனுக்குக் கொடுத்த விடுமுறை அன்று. மாமியார் மருத்துவமனைக்குத் துணையாகப் போகலாம். உங்களுடைய கடமையை அவர் ஏற்றுக்கொள்ள முடியாது, ஏற்றுக்கொள்ளவும் கூடாது. குழந்தை பிறந்த பிறகு தந்தையாகிக்கொள்ளலாம் என்று எண்ணும் ஆண், பிறந்த பிறகும் ஏதாவதொரு காரணம் சொல்லித் தள்ளிப்போடுவதையே நான் பார்த்துவருகிறேன்.

இருபத்தெட்டு வாரத்துக்குப் பிறகு பரிசோதனை பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முப்பத்தாறுக்குப் பிறகு வாரந்தோறும். இனி ஒவ்வொன்றுக்கும் நீங்கள் உடன் போக வேண்டும். தரமணியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். முதல் நாள் இரவே பேருந்து ஏறினால் காலையில் அவருடன் வரிசையில் நிற்கலாம். முகமும் கையும் திடீரென வீங்குதல், விடாத தலைவலி, கண் மங்குதல், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், பனிக்குடநீர் கசிதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை மருத்துவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தத் தேதி. குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. முப்பத்தேழு வாரம் முடிந்துவிட்டால் எந்த நாளும் வலி எடுக்கலாம், அதற்கு முன்பும் எடுப்பதுண்டு. நவம்பர் கடைசி வாரம் நம் கரைக்கு எப்படிப்பட்டது என்று கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர், பாகூர் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தது. முதுநகருக்கும் அரியாங்குப்பத்துக்கும் இடையே உள்ள இருபது கிலோமீட்டர் சொச்சம், அப்படியொரு நாளில் கடக்க முடியாத தூரம். எந்தக் கடலை நம்பிப் படப்பிடிப்பை வைத்திருக்கிறீர்களோ, அதே கடல்தான் அன்று உங்களை மனைவியிடம் போகவிடாமல் தடுக்கும். மீனவர்களே படகை ஏற்றிவைத்துவிடும் நேரத்தில் சக மாணவர்களைத் துறைமுகத்தில் நிறுத்தவும் நீங்கள் துணிந்திருக்கிறீர்கள், அதுவும் தவறு.

படிப்பை விடச் சொல்ல மாட்டேன். குழந்தைக்குச் சம்பாதிக்கும் தொழில் உங்களுக்கு வேண்டும். அந்தத் தொழிலை நீங்கள் நேசிப்பதும் தெரிகிறது. ஆனால் மாணவர் படம் உங்கள் ஒருவருடையது அன்று. ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு படிப்பவர்களின் மதிப்பெண்ணும் அதில்தான் இருக்கிறது. வலி எடுத்த பிறகு நீங்கள் ஓடினால் அவர்கள் நடுவில் நிற்பார்கள். ஆகவே அக்டோபர் நடுவிலேயே எடுத்து முடியுங்கள், இல்லையேல் குழந்தைக்கு மூன்று மாதமானபின் எடுங்கள். கொந்தளிப்பு குறைந்த கடலுக்கு ஏற்பத் திரைக்கதையைத் திருத்துவது இயக்குநரின் வேலைதான். துறைத் தலைவரிடம் மருத்துவரின் சீட்டைக் காட்டி இந்த வாரமே எழுத்துப்பூர்வமாகத் தேதி கேளுங்கள். குழுவினரிடம் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.