கெல்லிக்குச் சொந்த ஊர் எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பாஸ்டனில் இருக்கிறாள். மருமகன் அமெரிக்கர், குடும்பப் பெயர் கெல்லி. பேத்திக்குப் பள்ளியில் வம்ச மரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் நானே உட்கார்ந்து ஏழு தலைமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன். மருமகன் பக்கம் அவருடைய கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிட்டது. அவர் 1905 வாக்கில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவராம். மேயோ மாவட்டம் என்பது மட்டும் தெரியும். "அங்கே ஆவணமெல்லாம் தீயில் போய்விட்டது, தேடிப் பிரயோஜனமில்லை" என்கிறார் மருமகன். நீங்கள் டப்ளினில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். நிஜமாகவே எல்லாம் போய்விட்டதா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

மருமகன் சொல்வது பாதி உண்மை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் தொடங்கிய மூன்றாம் நாள், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் ஏதோ சில துண்டுகள்தான் மிஞ்சின. ஆனால் எல்லாப் பழியையும் தீயின் தலையில் கட்ட முடியாது. 1861, 1871 தாள்களை அரசாங்கமே அழித்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. இன்றைக்கும் அந்த ஊர் ஆய்வாளர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முகம் மாறிவிடும்.

உங்களுக்கு வேண்டியவை இதில் சிக்கவில்லை. 1901, 1911 கணக்கெடுப்புகள் அப்படியே இருக்கின்றன. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் காசு கட்டாமல் பார்க்கலாம். 1864 முதல் பிறப்பு, இறப்பு, கத்தோலிக்கத் திருமணம் எல்லாம் அரசுப் பதிவில் ஏறின. நூறு வருடம் தாண்டிய பிறப்புப் பதிவுகளின் படங்களும் இணையத்தில் இலவசம்.

ஆனால் அவசரப்பட்டு அவற்றை இப்போது திறக்க வேண்டாம். கெல்லி என்பது அயர்லாந்தில் மர்ஃபிக்கு அடுத்தபடி அதிகமாக வழங்கும் பெயர். முருகன், திருநெல்வேலி மாவட்டம் என்று போட்டுத் தேடுவது மாதிரிதான். டப்ளினில் எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்காக நான் இதே வேலையில் இறங்கினேன். தாத்தா பெயர், அப்பா பெயர், வயது மூன்றும் பொருந்தி ஒரு குடும்பம் கிடைத்தது. மூன்று சனிக்கிழமை அவர்களுக்காகவே செலவழித்து, ஐந்து தலைமுறை எழுதி, அழகாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "எங்கள் பாட்டி பிறந்த வீட்டுப் பெயர் இது இல்லையே" என்றார். அவ்வளவுதான், யாரோ ஒருவருடைய வம்சத்தை வரைந்திருக்கிறேன்.

இது பெரிய இடத்திலும் நடந்த கதைதான். நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் 1892 ஜனவரி 1 அன்று முதலாவதாக இறங்கியவர் கார்க் மாவட்டத்து ஆனி மூர் என்ற சிறுமி. அவர் டெக்சாஸுக்குப் போய் வாழ்ந்தார் என்று பல வருடங்கள் எல்லோரும் நம்பினார்கள். டெக்சாஸ் ஆனி மூர் அமெரிக்காவிலேயே பிறந்த வேறொருவர் என்று 2006இல்தான் தெரிந்தது. நிஜ ஆனி நியூயார்க்கை விட்டே போகவில்லை.

எனவே பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடியுங்கள். மேயோ என்ற மாவட்டப் பெயர் போதாது. அதற்குள் 'டவுன்லேண்ட்' எது என்று தெரிய வேண்டும். அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு அது. பெரும்பாலும் சில நூறு ஏக்கர், உள்ளே பத்து வீடும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. நாம் சொந்த ஊர் என்று சொல்வதற்கு அங்கே இதுதான்.

அந்தப் பெயர் அயர்லாந்தில் கிடைப்பதைவிட பாஸ்டனில் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். கொள்ளுத்தாத்தா 1906க்குப் பிறகு குடியுரிமை வாங்கியிருந்தால் விண்ணப்பத்தில் பிறந்த ஊரும் தேதியும் எழுதியிருப்பார். அதற்கு முந்தைய விண்ணப்பங்களில் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்று ஒரே சொல்தான் இருக்கும். மாசசூசெட்ஸ் இறப்புப் பதிவில் இறந்தவரின் அப்பா, அம்மா பெயர் வரும். அந்த அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்துவிட்டால் எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது. கல்யாணம் நடந்த தேவாலயத்தின் பதிவேடு, கல்லறைக் கல், இரங்கல் அட்டை எதையும் விட வேண்டாம். அப்புறம், வீட்டில் வயதான அத்தை யாராவது இருந்தால் முதலில் அவர்தான்.

ஊர் கிடைத்ததும் 1901 கணக்கெடுப்பைத் திறங்கள். கப்பலேறுமுன் அவர் வீட்டில் இருந்திருப்பார். பிறகு 1911. அதில் அவர் இருக்க மாட்டார், பெற்றோர் இருக்கலாம். 1911 தாள் குடும்பத் தலைவரே நிரப்பியது. எழுதத் தெரியாதவர் என்றால் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. எழுதப் படிக்கத் தெரியுமா, ஐரிஷ் மொழி பேசுவாரா என்றெல்லாம் கட்டங்கள். கல்யாணமான பெண்களுக்கு மூன்று கேள்விகள்: எத்தனை வருடத் தாம்பத்தியம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. வீட்டுக்கார அம்மாவின் கொள்ளுப்பாட்டிக்கு அதில் பதினொன்று, ஏழு என்று இருந்தது. அந்தத் தாளைக் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கூடவே உள்ள வேறு தாள்களில் கூரை ஓடா வைக்கோலா, முன்பக்கம் எத்தனை ஜன்னல், பன்றிக் கொட்டில் உண்டா என்பதுவரை இருக்கும். பேத்தி ஒரு வீட்டையே வரைந்துவிடலாம்.

வயதை மட்டும் நம்பிவிடாதீர்கள். 1901க்கும் 1911க்கும் இடையில் சிலருக்குப் பதினைந்து வயது கூடியிருக்கும்! 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது, காரணம் புரியும். ஓய்வூதியம் கேட்டவர்களுக்கு வயதை உறுதிசெய்ய அதிகாரிகள் அப்போது எரியாமலிருந்த 1841, 1851 ஏடுகளில் தேடினார்கள். அந்தத் தேடல் படிவங்கள் தப்பிவிட்டன. ஏடு போய்விட்டது, அதைப் பார்த்து எழுதிய குறிப்பு நிற்கிறது.

பிறந்த தேதியிலும் தில்லுமுல்லு உண்டு. தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் தேதியைத் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். ஞானஸ்நானம் முந்தியும் பிறப்பு பிந்தியும் வந்தால் பயப்படாதீர்கள்.

1864க்கு முன்னால் போக வேண்டுமென்றால் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள்தான், அதாவது தேவாலயங்கள் வைத்திருந்த ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். தேசிய நூலகம் அவற்றின் படங்களை 2015இல் இணையத்தில் ஏற்றியது. பல பதிவேடுகள் லத்தீனில். ஜேம்ஸ் அங்கே யாகோபுஸ், வில்லியம் குலியெல்முஸ். பிரிட்ஜெட் அம்மையார் பிரிகிதாவாக ஞானஸ்நானம் பெற்று அமெரிக்காவில் டீலியாவாக இறந்திருப்பார். அதோடு 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் மதிப்பீடு இருக்கிறது. யார் எந்த நிலத்தில், எந்த வீட்டில், யாருக்குக் குத்தகைதாரராக இருந்தார் என்று சொல்லும், நம்மூர் அடங்கல் மாதிரி.

இன்னொரு துப்பு உங்களுக்குச் சுலபமாகப் பிடிபடும். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது அங்கே பழைய வழக்கம். பெயரன்தான் பேரன் ஆனான் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது, ஊகத்துக்கு உதவும்.

மருமகனுக்கு ஐரிஷ் பாஸ்போர்ட் ஆசை இருந்தால் இதையும் சொல்லிவிடுங்கள். தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் வழி இருக்கிறது. கொள்ளுத்தாத்தா மட்டும் என்றால் பொதுவாகக் கதவு சாத்தித்தான் இருக்கும்.

சரி, முதலில் கொள்ளுத்தாத்தாவின் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று பாஸ்டனில் விசாரிக்கச் சொல்லுங்கள். கிடைத்ததும் எழுதுங்கள், 1901இல் நானும் தேடிப் பார்க்கிறேன்.