பெத்செயான் எப்படி ஸ்கித்தோபோலிஸ் ஆனது?

இஸ்ரவேலின் ராஜா சவுலின் உடலைத் தொங்கவிட்ட பெத்சானைத்தான் கிரேக்க நூல்கள் ஸ்கித்தோபோலிஸ் என்கின்றனவா, சீத்தியருக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், ஒரே ஊர்தான். யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு யோர்தானை நோக்கி இறங்கும் இடத்தில் இருக்கிறது. நம் வேதாகமமே 1 சாமுவேல் 31இல் பெத்சான் என்றும், நியாயாதிபதிகள் 1:27இல் பெத்செயான் என்றும் எழுதுகிறது. இந்த இரண்டாவது வசனத்தைப் பழைய ஏற்பாட்டின் பழங்கால கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் பாருங்கள், 'பைத்சான், அதாவது சீத்தியரின் நகரம்' என்று இருக்கும். ஸ்கித்தோபோலிஸ் என்பதன் பொருளும் அதுதான். எபிரெய மூலத்தில் அந்த விளக்கம் கிடையாது. கிரேக்கம் மட்டும் தெரிந்த வாசகருக்காகச் சேர்த்தது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும் 'கிரேக்கர் ஸ்கித்தோபோலிஸ் என்று அழைக்கும் பெத்சானே' என்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்.

சரி, கருங்கடலுக்கு வடக்கே திரிந்த குதிரைவீரர்களின் பெயர் இங்கே எப்படி? கி.மு. 7ஆம் நூற்றாண்டில் சீத்தியர் எகிப்தை நோக்கி வந்ததாகவும், பார்வோன் பரிசு கொடுத்துத் திருப்பி அனுப்பியதாகவும், போகிற வழியில் சிலர் அஸ்கலோன் கோயிலைக் கொள்ளையடித்ததாகவும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதுகிறார். அவர்களில் ஒரு கூட்டம் பெத்செயானில் தங்கிவிட்டது என்பது பழைய விளக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஹெரொடோட்டஸ் இந்த ஊரைப் பற்றி மூச்சே விடவில்லை. பெயரும் அலெக்சாந்தருக்குப் பிந்தைய காலத்தில்தான் தலைகாட்டுகிறது. அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்கள் கூலிப்படையிலிருந்த சீத்தியரை இங்கே குடியேற்றியிருக்கலாம் என்ற கருத்துதான் காலத்தோடு பொருந்துகிறது. பக்கத்தில் இருந்த சுக்கோத் என்ற ஊரின் பெயர் திரிந்து இப்படி ஆனது என்பாரும் உண்டு. ஒலி ஒற்றுமையைத் தவிர அதற்குப் பெரிய ஆதாரம் இல்லை.

இன்னொரு பெயரும் இருந்தது: நீசா. கிரேக்கரின் மதுக் கடவுள் தியோனீசஸ் தன் செவிலித்தாயை இங்கேதான் அடக்கம் செய்தான், பிறகு சீத்தியரைக் குடியேற்றினான் என்று ரோம எழுத்தாளர் பிளினி கதை சொல்கிறார். உள்ளூர்ப் பெருமை எங்கும் ஒரே மாதிரிதான்!

ரோமர் காலத்தில் தெக்கப்போலி என்ற பத்து நகரக் கூட்டத்தில் யோர்தானுக்கு மேற்கே இருந்தது இது ஒன்றே. கி.பி. 749 நிலநடுக்கத்தில் நகரம் இடிந்தது. கிரேக்கப் பெயர் போய், பழைய பெயரே அரபியில் பைசான் என்று நிலைத்தது. கடற்கரை நகரமான அக்கோ பல நூற்றாண்டுகள் தொலமாயியாக இருந்துவிட்டு மறுபடி அக்கா ஆனதும் இதே கதைதான்.

அப்புறம், புதிய ஏற்பாட்டில் ஸ்கித்தோபோலிஸைத் தேட வேண்டாம், அங்கே இல்லை. 2 மக்கபேயர் 12:29இல், எருசலேமிலிருந்து 600 ஸ்தாதி (கிரேக்கரின் தூர அளவு) தூரம் என்ற கணக்கோடு கிடைக்கும்.