புளியங்கொட்டை போதுமா அண்ணா?

நாகர்கோவிலில் மாதம் இரண்டு ஞாயிறு கூடி டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தும் ஆட்டம், விளையாடுகிறோம். எட்டு வருஷமாகப் பெரும்பாலும் டிஎம், அதாவது கதை நடத்துகிறவர், நாற்காலி என் தலையில்தான். புதிதாக வர நினைக்கிறவர்கள் கேட்டதற்கெல்லாம் இங்கே சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

தக்கலை, கல்லூரி மாணவர்: இது லூடோ மாதிரியா, பப்ஜி மாதிரியா? போர்டே வேண்டாம் என்கிறார்களே அண்ணா?

ரெண்டும் இல்லை தம்பி. ஒருத்தர் கதையை நடத்துவார், அவர்தான் டிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். நான் சொல்வேன்: "வட்டக்கோட்டை மதில் மேல் நிற்கிறாய். கீழே கடல். பின்னால் காவலாளியின் பந்தம் நெருங்கி வருகிறது. என்ன செய்வாய்?" நீ "குதிக்கிறேன்" என்பாய். பிழைப்பாயா என்பதை நீயும் முடிவு செய்யக்கூடாது, நானும் கூடாது. அதற்குத்தான் இருபது பக்கப் பகடை. 15 வேண்டும் என்று வைப்போம். 11 விழுகிறது, உன் பாத்திரத்தின் உடல்பலத்துக்கு 3 கூட்டினால் 14. ஒன்று குறைகிறது. அதற்காக "செத்தாய், போ" என்றால் நான் மோசமான டிஎம். "தண்ணீரில்தான் விழுந்தாய், ஆனால் இடுப்பில் இருந்த சாவிக்கொத்து போய்விட்டது" என்பேன். சாவி இல்லாமல் இனி என்ன செய்வது என்று மேசையில் நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்தக் கத்தலுக்காகத்தான் வருகிறோம்.

இந்த வகையில் முதலில் கடைக்கு வந்தது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டிஎன்டி, 1974-இல். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் செய்தது. பொம்மைப் படைகளை வைத்துப் போர் நடத்தி விளையாடிய கூட்டம் அது. மொத்தப் படைக்குப் பதில் ஒரே ஓர் ஆளாக இருந்து பார்ப்போமே என்று தோன்றியதில் பிறந்தது.

குளச்சல்: பகடை செட், புத்தகம் எல்லாம் விலை அதிகமாக இருக்கிறது. தாயம் ஆட எடுக்கிற புளியங்கொட்டை போதுமா அண்ணா?

ஆசைதான், ஆனால் கணக்கு உதைக்கும். ஒரு பக்கம் உரசின நாலு கொட்டையை எறிந்தால் 0 முதல் 4 வரைதான் வரும், அதிலும் இரண்டு அடிக்கடி வரும், 16-க்கு 6 தடவை. நமக்கு 1 முதல் 20 வரை எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு வேண்டும். இருபது துண்டுச்சீட்டில் எண் எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்ததைத் திரும்பப் போட மறக்காதீர்கள், நாங்கள் மறந்து ஒரு சாயங்காலம் முழுக்க வீணானது. போனிலும் பகடை ஆப் இருக்கிறது, ஆனால் போனை எடுத்தவன் வாட்ஸாப்புக்குள் போய்விடுவான். விதிகளுக்கும் காசு வேண்டாம். டிஎன்டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற உரிமத்தில் திறந்துவிட்டார்கள், இறக்கிக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம், ஒரு அம்மா: மகன் பகடை, பேய், மந்திரம் என்றே பேசுகிறான். சூதாட்டமா, பில்லிசூனியமா?

காசு வைப்பது கிடையாது அம்மா. ஜெயித்தவன் தோற்றவன் என்பதும் பெரும்பாலும் கிடையாது. தருமர் செய்த வேலையால் பகடைக்கே நம் ஊரில் கெட்ட பேர், என்ன செய்ய. 1980-களில் அமெரிக்காவிலும் இது பிசாசு வழிபாடு என்று பெரிய பீதி கிளம்பி அடங்கியது. ஒரு ஞாயிறு நீங்களே வந்து பக்கத்தில் உட்காருங்கள். ஒரு மந்திரத்துக்கு எத்தனை அடி தூரம் என்று பையன்கள் அரைமணி நேரம் சண்டை போடுவதைப் பார்த்தால் பயம் போய்க் கொட்டாவி வரும்.

முட்டம்: எனக்கு நடிக்க வராது, இங்கிலீஷும் அரைகுறை. சேர்த்துக்கொள்வீர்களா?

குரல் மாற்றிப் பேச வேண்டியதில்லை. "என் ஆள் கதவைத் தட்டுகிறான்" என்றாலே போதும். உங்கள் பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளில், அதாவது கேரக்டர் ஷீட்டில், நாலு இங்கிலீஷ் சொல் இருக்கும், பேச்செல்லாம் நம் பேச்சுதான். உங்கள் கடற்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன் முதல் நாள் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. நான் "கப்பல் மேற்கே கிளம்புகிறது" என்றேன். "காற்று கச்சானா வாடையா?" என்றான். நான் முழித்தேன். "கச்சான் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, பாய் விரித்து மேற்கே போக முடியாதே" என்று அப்பாவின் வள்ளத்தில் போன கதையைச் சொன்னான். அன்று என் கதையே திசை மாறியது. இப்போது கடல் வந்தால் எல்லோரும் அவன் முகத்தைத்தான் பார்ப்போம்.

குலசேகரம்: எங்கள் பக்கம் இதை விளையாடுகிற ஆளே இல்லை. எங்கே தேடுவது?

விளையாடுகிறவர்களைத் தேடாதீர்கள், கதை கேட்கிறவர்களைத் தேடுங்கள். கோயில் கொடையில் வில்லுப்பாட்டை விடிய விடியக் கேட்கிற சித்தப்பா, பஸ்ஸில் சினிமாக் கதையை மாற்றிச் சொல்கிற நண்பன் என்று மூன்று பேர் போதும், நாலாவது நீங்கள். முதலில் ஆட்டம் வேண்டாம், கட்டன்சாயாவும் பழம்பொரியுமாக ஒரு மணி நேரம் பேசுங்கள். யாருக்கு அடிதடி பிடிக்கும், யாருக்குத் துப்புத்துலக்கல், எது கதையில் வரவே கூடாது என்று கேளுங்கள். இதைத்தான் செஷன் ஜீரோ என்கிறோம். அப்புறம் ஒரே உட்காரலில், மூன்று மணி நேரத்தில் முடிகிற கதை, அதாவது ஒன்ஷாட். பல ஞாயிறுகள் தொடர்கிற கதை, அதாவது நீண்ட கேம்பெயின், ஆசையை ஆறு மாதம் ஒத்திப்போடுங்கள். இந்த விளையாட்டைக் கொல்வது டிராகன் இல்லை, "இந்த ஞாயிறு ஒரு கல்யாணம்" என்பதுதான்.

நாகர்கோவில், நர்சிங் மாணவி: தெரியாத பையன்கள் கூட்டம், எப்படி நம்பி வருவது?

நம்பி வரவேண்டாம், பார்த்து வாருங்கள். தோழியோடு, பகலில், நாலு பேர் வந்துபோகிற இடத்தில் முதல் ஆட்டம். மேசை நடுவில் எக்ஸ் என்று எழுதிய அட்டை கிடக்கும். கதை போகிற போக்கு பிடிக்காவிட்டால் தொடுங்கள், காரணம் கேட்காமல் மாற்றுவோம். அதைக் கேலி செய்கிற மேசை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அது எங்களுடையதாக இருந்தாலும்.

தோவாளை: டிராகன் சலித்துவிட்டது. நம்மூர்க் கதை நடத்தலாமா?

நடத்துங்கள். உதயகிரிக் கோட்டை ஒன்று போதும். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைவீரர் டிலனாய், தன்னைப் பிடித்த திருவிதாங்கூர் மன்னருக்கே தளபதியாகி அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். இதைவிட நல்ல என்பிசியை, அதாவது டிஎம் பேசி நடத்துகிற பாத்திரத்தை, நான் கற்பனை செய்து எழுத முடியாது. இசக்கி, சுடலைமாடன் கதைகளில் மட்டும் கவனம். மேசையில் யாருக்காவது அது குலதெய்வமாக இருக்கும், முதலில் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டோம். "எங்க அம்மனை வில்லியாக்காதே, வேண்டுமானால் வழி காட்டட்டும்" என்றான் ஒருவன். வழி காட்டினாள். பார்ட்டி, அதாவது எங்கள் பாத்திரங்களின் கூட்டம், அதைக் கேட்காமல் வேறு பக்கம் போய், போன மாதத்திலிருந்து சிதறால் மலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது.